சித்தப்பா கடை லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி

பழைய லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது, எது எவ்வளவு உழைக்கிறது என்று விண்டோஸ் காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத்தான். அதில் டிஸ்க் என்று ஒரு பத்தி இருக்கும். லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் பெரும்பாலும் அங்கே 100 சதவீதம் என்று நிற்கும், பக்கத்திலேயே சிபியு ஐந்தாறு சதவீதத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் இவ்வளவு உழைக்கிறதே, எவ்வளவு டேட்டா வருகிறது என்று கிளிக் செய்து பார்த்தால் விநாடிக்கு ஒரு எம்பி, சில நேரம் அதுகூட இல்லை. மெஷின் மெதுவாகிவிட்டது என்று நாம் சொல்கிறோம், உண்மையில் அது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல லேப்டாப்பை எத்தனை பேர் எடைக்குப் போடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

சித்தப்பாவுக்குப் புதுக்கோட்டையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், எல்லாம் செய்வார். கடையில் ஓடுவது லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230, 2012 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். திரை சின்னது என்பதால் பெரிய மானிட்டர் ஒன்றை மாட்டி வைத்திருப்பார். போன முகூர்த்த சீசனில் ஃபோன் பண்ணி, "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா? கஸ்டமர் எதிர்ல உக்காந்திருக்காங்க, ஒரு ஃபைலைத் திறக்கறதுக்குள்ள டீயே குடிச்சு முடிச்சிடறாங்க" என்றார். வேண்டாம் சித்தப்பா, டிஸ்க்கை மட்டும் மாத்தி எஸ்எஸ்டி போடுவோம் என்றேன். எஸ்எஸ்டி என்பது சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாமல் மெமரி சிப்பிலேயே டேட்டாவைச் சேமிக்கிற டிஸ்க்.

ஏன் டிஸ்க்? ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் கைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கு 12 மில்லி விநாடி அளவில். ஆக ஒரு இடத்தைத் தொட 16 மில்லி விநாடி, ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 60 இடம்தான் தொட முடியும். ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி படித்தால் மொத்தம் 240 கேபி. விண்டோஸ் கிளம்பும்போது கேட்பது ஒரே பெரிய கோப்பை அல்ல, டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை. மளிகைப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்து போய்வருவது மாதிரிதான் இது. பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் இருப்பது 5400 சுற்று டிஸ்க், அதில் இன்னும் மோசம். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எந்த இடத்தைக் கேட்டாலும் 0.1 மில்லி விநாடி அளவில் எடுத்துக் கொடுத்துவிடும்.

அதனால் டப்பாவின் மேல் போட்டிருக்கிற விநாடிக்கு 550 எம்பி என்ற எண்ணைப் பார்த்து ரொம்ப யோசிக்க வேண்டாம். டிஸ்க்கை லேப்டாப்போடு இணைப்பது சாட்டா என்ற இணைப்பு. 2010 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் அதன் பழைய பதிப்பான சாட்டா 2 தான் இருக்கும், அதன் உச்ச வேகம் விநாடிக்கு 300 எம்பி. அந்தப் பாதி வேகத்துக்கு எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த 16 மில்லி விநாடி ஒழிவது, அது சாட்டா 2 லேப்டாப்பிலும் ஒழிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் என்ன பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இங்கேதான் காசு வீணாகும். பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டா. அதிலும் தடிமன் இருக்கிறது. எக்ஸ்230 போல சிலவற்றில் 7 மில்லிமீட்டர் டிஸ்க்தான் நுழையும், பல லேப்டாப்புகளில் 9.5 மில்லிமீட்டருக்கு இடம் இருக்கும். எஸ்எஸ்டிகள் பொதுவாக 7 மில்லிமீட்டர் என்பதால் இரண்டிலும் போகும், 9.5 இடத்தில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் மட்டும் தேவைப்படலாம். 2014, 15க்குப் பிறகு வந்தவற்றில் எம்.2 என்ற சின்ன அட்டை வடிவம் இருக்கலாம், அதில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இரண்டு ஜாதி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது பெரும்பாலும் வேலை செய்யாது. மலிவு விலைச் சின்ன லேப்டாப் சிலவற்றில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள், அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. மாடல் பெயரைப் போட்டு அந்தக் கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மேனுவலைத் தேடினால் இதெல்லாம் தெளிவாக இருக்கும். திங்க்பேடுக்கு லெனோவோவே மேனுவலை இலவசமாகக் கொடுக்கிறது, எந்த ஸ்க்ரூவை எப்போது கழற்ற வேண்டும் என்பது வரை படத்தோடு.

அளவு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்குவார்கள், 20 ஜிபிதானே வித்தியாசம் என்று. புதிதாக விண்டோஸ் போடுவதாக இருந்தால் பிரச்சினை இல்லை. இருப்பதை அப்படியே பிரதி எடுப்பதாக இருந்தால் அந்த 20 ஜிபி உயிரை வாங்கும். சி டிரைவைச் சுருக்கினால் போதும் என்று நினைப்போம், ஆனால் விண்டோஸ் 10 ஒரு ரெகவரி பார்ட்டிஷனை, அதாவது விண்டோஸ் கெட்டால் சரிசெய்வதற்கான தனிப் பகுதியை, டிஸ்க்கின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கும், அதை முன்னால் நகர்த்தாமல் சின்ன டிஸ்க்குக்குள் எதுவும் போகாது. 500 என்று போட்டதையே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது. 500 ஜிபி டிஸ்க் என்றால் 500,107,862,016 பைட் என்பது தொழிலில் எல்லாரும் கடைப்பிடிக்கிற கணக்கு, ஹார்ட் டிஸ்க்கானாலும் எஸ்எஸ்டியானாலும் அதேதான். நான் வாங்கியது சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி. எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ள டிராம் என்ற வேகமான நினைவகம் உள்ளது, 5 வருட வாரண்டி, 300 டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி சொல்கிறது. கடையில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் அது 40 வருடத்துக்கு மேல் வரும், ஆகவே எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதுவது) நிறுத்துவது, அதை இதை நிறுத்துவது எல்லாம் வேண்டாத வேலை. வெறும் பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓடும் லேப்டாப்புக்கு டிராம் இல்லாத மலிவான எஸ்எஸ்டியே போதும், நிறைய எழுதும்போது மட்டும் அது மூச்சு வாங்கும். பெயரே கேள்விப்படாத பிராண்டில் 2 டெராபைட், 4 டெராபைட் என்று அடிமாட்டு விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். அதில் பல சின்ன மெமரி கார்டை உள்ளே வைத்துப் பெரிய அளவு காட்டுகிற போலி.

புதிதாக விண்டோஸ் போடுவதா, பிரதி எடுப்பதா? வீட்டு லேப்டாப் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு புதிதாகப் போடச் சொல்வேன், பல வருடக் குப்பை போகும். ஆனால் டிடிபி கடை வேறு. சித்தப்பா பத்திரிகை செய்வது பேஜ்மேக்கர் 7இல், அது 2001இல் வந்த மென்பொருள். பத்துப் பதினைந்து வருடமாகச் சேர்த்த பத்திரிகை டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைவிட முக்கியம் எழுத்துருக்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. இவை ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்தவை. எழுத்துரு இருந்தால் மணமகன் பெயர், மணமகள் பெயர், இன்னாரின் பேத்தி என்று அழகாக வரும். இல்லாத மெஷினில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். ஒரே எழுத்துருவே வேறு வேறு பெயரில், வேறு வேறு பதிப்பில் இருக்கும், எந்தக் கோப்பு எதைக் கேட்கும் என்று சித்தப்பாவுக்கே தெரியாது. பிரிண்டர் அமைப்பு, கீபோர்டு மென்பொருள், மென்பொருள் ஓடுவதற்குச் செருக வேண்டிய லைசன்ஸ் டாங்கிளின் டிரைவர் என்று அது வேறு. இவ்வளவையும் புதிய விண்டோஸில் திரும்ப உட்கார வைப்பது சீசன் நேரத்தில் நடக்கிற காரியமா? பிரதிதான் என்று முடிவு செய்தோம்.

பிரதி எடுப்பதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் பட்டியல் வரும். அதில் 5ஆம் எண், அது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். 197ஆம் எண், அதாவது பட்டியலில் சி5, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாக குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் போட்டுப் பிரதி எடுக்கலாம். சித்தப்பா டிஸ்க்கில் 197 பூஜ்யமாக இல்லை. காதை வைத்துக் கேட்டால் அவ்வப்போது டிக், டிக் என்று ஒரு சத்தம், கை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிற சத்தம். மெதுவாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி ஒரு டிஸ்க் கையில் வந்தால் கோப்புகளை ஒழுங்காக அடுக்குகிற டிஃப்ராக் போடக் கூடாது, பிழை தேடித் திருத்துகிற செக்டிஸ்க் போடக் கூடாது, வைரஸ் ஸ்கேன் கூடாது. சாகிற டிஸ்க்கை ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் செலவுதான், அந்த நிமிடத்தை டேட்டாவை வெளியே எடுப்பதற்கு மட்டும் செலவழிக்க வேண்டும். முதலில் பத்திரிகை ஃபோல்டர், எழுத்துரு ஃபோல்டர், கணக்கு இந்த மூன்றையும் பென் டிரைவில் எடுத்தோம். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதில் இருக்கிற ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுத்தேன். சாதாரண மென்பொருள் கெட்ட இடம் வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டு டிஸ்க்கைக் கொல்லும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்ல பகுதியை எல்லாம் முதலில் எடுத்துவிடும், கடைசியில்தான் திரும்பி வந்து விட்டதைச் சுரண்டிப் பார்க்கும். எங்கே வரை எடுத்தோம், எது கெட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அந்த மேப் கோப்பை வேறு ஒரு பென் டிரைவில் வைக்க வேண்டும், லைவ் லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் மெஷின் அணைந்ததும் போய்விடும்.

பழைய டிஸ்க் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கட்டும், புதிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி சாட்டா கேபிளில் வெளியே மாட்டுங்கள். நோஞ்சான் டிஸ்க்கை நேரடி சாட்டாவில் படிப்பதுதான் நல்லது, யூஎஸ்பி நடுவில் வந்தால் பிழை வரும்போதெல்லாம் தொடர்பே அறுந்துபோகும். எக்ஸ்230இல் இடது பக்கம் நீல நிற யூஎஸ்பி 3 இரண்டு இருக்கின்றன, அதில் மாட்டினால்தான் வேகம். கட்டளை கொடுக்கும் முன் எது மூலம், எது இலக்கு என்று டிஸ்க்கின் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் வைத்துச் சரிபாருங்கள். இரண்டும் 500 ஜிபி, அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இடம் மாறிப்போனால் வெற்று எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும், அதற்குப் பிறகு எந்த டேட்டா ரெகவரி கடைக்குப் போயும் பலன் இல்லை. இன்னொன்று, சில யூஎஸ்பி டப்பாக்கள் செக்டர் அளவை 512க்குப் பதில் 4096 என்று காட்டும். அப்படிப்பட்டதில் பிரதி எடுத்து லேப்டாப்புக்குள் மாட்டினால் பார்ட்டிஷனே தெரியாது. லினக்ஸில் டிஸ்க் விவரம் பார்க்கும்போது அந்த எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிற நிலையைப் பிரதி எடுப்பீர்கள்.

கடைசியில் மிகச் சில செக்டர்கள் மட்டும் வரவில்லை. செக்டிஸ்க்கை அப்போது போட்டேன், பிரதியின் மேல், மூல டிஸ்க்கில் இல்லை.

மாட்டுகிற வேலை இருப்பதிலேயே சின்னது. ஷட்டவுன், சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியைக் கழற்று, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி. திருப்பிப் போட்டால் அடியில் ஓரமாக ஒரு மூடி, ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் உள்ளே டிஸ்க்கின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும், அதைப் பிடித்து நேராக இழுத்தால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டை இருக்கும், ஸ்க்ரூகூட இல்லை, அதைப் பிடுங்கி எஸ்எஸ்டியின் பக்கவாட்டில் பொருத்தி, அதே திசையில் உள்ளே தள்ளினால் கனெக்டர் உட்காருவது கையில் தெரியும். இப்படி வடிவமைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆளே தெரியாத ஊரில், பல வருடம் கழித்து, யாரோ ஒருவர் சாதா ஸ்க்ரூ டிரைவரோடு இதைத் திறப்பார் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். வேறு பல லேப்டாப்பில் கீபோர்டை எடுத்து, டிவிடி டிரைவை எடுத்து, ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூவைத் தேடி, மெல்லிய ரிப்பன் கேபிளைக் கிழியாமல் விடுவித்துத்தான் டிஸ்க்கைப் பார்க்கவே முடியும். பழக்கம் இல்லையென்றால் அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது மேல். பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டிய நிலையில் விண்டோஸை முதல்முறை பூட் செய்யாதீர்கள், இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் குழம்பும்.

லாகின் திரை வந்தது. பாஸ்வேர்டு போட்டு, டாஸ்க்பாரில் பேஜ்மேக்கரை அழுத்தியதும் திறந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, பழைய பத்திரிகைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 2 சதவீதம். விண்டோஸின் டிரைவ் ஆப்டிமைஸ் பகுதியைத் திறந்து, சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று அடையாளம் கண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கண்டுகொண்டால், அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்கிற டிரிம் வேலையை அதுவே செய்துகொள்ளும். லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், சாட்டா ஏஹெச்சிஐ என்ற நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த லேப்டாப்புக்கு முறையாக விண்டோஸ் 11 கிடையாது, அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் பேங்க், யூபிஐ கணக்கு பார்ப்பது எதுவும் இதில் கூடாது, பத்திரிகை வேலை மட்டும் என்று சித்தப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பேஜ்மேக்கர் கட்டாயம் இல்லாதவர்கள் எஸ்எஸ்டி போடுகிற கையோடு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், இதே மெஷினில் அருமையாக ஓடும்.

பேக்கப் பற்றி ஒன்று. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல நேரம் டிக் டிக் என்றாவது சொல்லும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காணாமல் போகும், அழித்த கோப்பை டிரிம் துடைத்துவிடுவதால் மீட்பதும் குதிரைக்கொம்பு. எழுத்துரு ஃபோல்டரும் டிசைன் ஃபோல்டரும் இப்போது வெளி டிஸ்க் ஒன்றிலும், வீட்டில் தங்கச்சி கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன.

இதில் நான் எதிர்பார்க்காதது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். டிஸ்க்கில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தபோது அது பல ஜிபி இருந்தது. திறந்தால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், ஸ்கேன் பண்ணி மெயில் போடச் சொன்னவர்கள், ஊரில் பாதிப்பேருடைய ஆவணம் வருடக்கணக்காக அங்கே கிடந்தது. சித்தப்பா யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர், பிரிண்ட் போனதும் அடுத்த ஆளைப் பார்ப்பார், அழிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. எல்லா ஊர் ஜெராக்ஸ் கடையிலும் இதே நிலைதான் இருக்கும். இந்த டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால், அல்லது லேப்டாப்போடு எடைக்குப் போட்டிருந்தால், அத்தனையும் கைமாறியிருக்கும். ஃபார்மட் செய்தாலும் குவிக் ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், கோப்பு அப்படியேதான் இருக்கும்.

நல்ல நிலையில் இருக்கிற டிஸ்க் என்றால் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடலாம், 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். கெட்ட செக்டர் இருக்கிற டிஸ்க்கில் அந்த இடங்களுக்கு எழுத்து போகாமல் பழையது தங்கிவிடலாம். அதனால் எஸ்எஸ்டியில் எல்லாம் சரி என்று சித்தப்பா சொன்ன பிறகு, பூஜ்யமும் எழுதி, டிஸ்க்கை உடைத்தோம். உடைப்பவர்கள் கவனம், லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பல நேரம் கண்ணாடி, சில்லுசில்லாகத் தெறிக்கும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொண்டுதான் சுத்தியல் எடுக்க வேண்டும்.

புதிய டிஸ்க்கில் விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி, டவுன்லோட்ஸில் ஒரு நாளுக்கு மேல் திறக்காமல் கிடப்பதை அழி என்று வைத்துவிட்டேன். பத்திரிகை வேலைக்கு வருகிற கோப்பை மட்டும் உடனே டிசைன் ஃபோல்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யாராவது மறுநாள் வந்து அதே ஆதாரை இன்னொரு காப்பி கேட்டால் என்ன பண்ணுவது என்று கேட்டார் சித்தப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "சரி, திரும்ப வாட்ஸ்அப் பண்ணச் சொல்லிக்கறேன்" என்றார்.